அடையாறு ஏன் கறுக்கிறது?

அன்புள்ள கயல்விழிக்கு,

ஐப்பசி மழையில் செம்மண் நிறத்தில் ஓடும் அடையாறு, மாசியில் ஏன் கறுத்து நாறுகிறது என்று கேட்டிருந்தாய். பதில் உன் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறாகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்ததும் இதே ஆறுதான். மழை ஓய்ந்தால் ஏரிநீர் வரத்து நின்றுவிடும். அனகாபுத்தூர், பொழிச்சலூரைத் தாண்டும்போது ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்.

நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் சாக்கடை நீரின் அழுக்கைத் தின்று செரிக்கவோ பாக்டீரியாக்களுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் வேண்டும். ஒரு குடம் சாக்கடை, இருபத்தைந்து குடம் ஆற்றுநீரின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள். அது தீர்ந்தால் மீன்கள் சாகும். பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்களின் ராஜ்ஜியம். அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு.

சுத்திகரிப்பு நிலையத்திலும் பாக்டீரியாக்கள்தான் வேலை செய்கின்றன. அங்கே அவற்றுக்கு வேண்டிய காற்றை நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். துணியையும் பிளாஸ்டிக்கையும் கம்பிச் சல்லடை தடுக்கும். மணல் ஒரு தொட்டியில் படியும். அடுத்த தொட்டியில் ராட்சத புளோயர்கள் இரவு பகலாகக் காற்றடிக்க, தண்ணீர் காப்பி நிறத்தில் நுரைத்துப் புரளும். ஆபரேட்டர் அதில் ஒரு லிட்டரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வைப்பார். பழுப்புச் சேறு அடியில் இறங்கி, மேலே தெளிநீர் நின்றால் பாக்டீரியாக்கள் நலம். கலங்கியே கிடந்தால் எங்கோ கோளாறு.

சென்னையில் இதற்கு மேலும் ஒரு படி போயிருக்கிறார்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், இப்படித் தெளிந்த நீரை மறுபடி வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019-இல் வந்தன. ஒவ்வொன்றின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்.

ஆனால் எப்பேர்ப்பட்ட நிலையமும் தன்னிடம் வந்து சேரும் நீரைத்தான் சுத்தம் செய்யும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில், பாதாள சாக்கடை வராத தெருக்கள் இன்னும் உண்டு. அங்கே செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வரும். அது நிலையத்தில் போய்க் கொட்டினால் சரி; ராத்திரியில் ஏதாவது கால்வாயில் திறந்துவிட்டால் எல்லாம் ஆற்றுக்குத்தான். மழைநீர் வடிகாலில் கழிவுக் குழாயைச் சொருகிய வீட்டின் கதையும் அதுவே.

ஆகவே, முதலில் உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் எங்கே போய் முடிகின்றன என்று அப்பாவோடு சேர்ந்து பார். வடிகாலில் முடிந்தால் அதை மாற்றச் சொல். தெருவுக்கே பாதாள சாக்கடை இல்லையென்றால் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுது. அனுப்பும் முன் எனக்குக் காட்டு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா