பல் துலக்கும் தண்ணீரும் பஞ்சாபின் நெல்லும்

நம்பிக்கை: வீடுகளில் வீணாக்குவதால்தான் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம்.

பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 மதிப்பீட்டின்படி, ஓராண்டில் நாம் எடுப்பது சுமார் 24,564 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையை ஏறக்குறைய 93 முறை நிரப்பலாம். அதில் 87 சதவீதம் வயலுக்குப் போகிறது. வீடுகளுக்கு 11, தொழிற்சாலைகளுக்கு 2. அணைகளைப் பற்றித்தான் நாம் சண்டை போடுகிறோம். ஆனால் இந்தியப் பாசனத்தில் பாதிக்கு மேல் நடப்பது கிணற்றாலும் போர்வெல்லாலும்தான்.

நம்பிக்கை: எடுக்கத்தக்க நீரில் 60 சதவீதத்தைத்தான் எடுக்கிறோம், பயமில்லை.

60 என்பது நாட்டின் சராசரி. அசாமின் பூமிக்கடியில் மிஞ்சும் தண்ணீர் ராஜஸ்தான் கிணற்றில் ஊறாது. 100 எடுக்கலாம் என்ற இடத்தில் பஞ்சாப் 150-க்கு மேல் எடுக்கிறது. ராஜஸ்தானும் ஹரியானாவும் 100-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. தமிழ்நாடும் தேசிய சராசரிக்கு மேலேதான் இருக்கிறது.

நம்பிக்கை: மழை பொய்த்ததால் பஞ்சாப் வற்றுகிறது.

மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. 1960-61இல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்துக்கு மேல். அந்த மக்களின் அன்றாடச் சாப்பாடு ரொட்டி. நெல்லில் பெரும்பகுதி மத்திய தொகுப்புக்குப் போய், நாடெங்கும் ரேஷன் அரிசியாகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசு நிச்சயமாக வாங்கும் பயிர் நெல்லும் கோதுமையும். 1997இல் தொடங்கிய, பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரம் வேறு. இந்த இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு விவசாயியைப் பொறுப்பில்லாதவர் என்பது அநியாயம்.

மோட்டார் ரூமுக்குள் போய்ப் பாருங்கள். சுவரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும். கரண்ட் நள்ளிரவில் வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். விவசாயி வீட்டில் தூங்குவார், வயல் நிரம்பி வரப்பு வழியும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாதவர் வேறு என்ன செய்வார்?

2009இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் போட்டது. கொளுத்தும் மே மாத வெயிலில் நட்டால் தண்ணீர் ஆவியாகப் போகிறது, அதனால் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது. நோக்கம் சரியானது. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளிப்போனது, கோதுமை விதைக்க அவகாசம் சுருங்கியது. வைக்கோல் தாளை அப்புறப்படுத்த நேரமில்லாமல் வயலிலேயே கொளுத்துவது கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. பயிரை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றியதன் விளைவு இது.

நம்பிக்கை: இன்னும் ஆழமாகப் போர் போட்டால் தண்ணீர் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகிவிடும். கடன் வாங்கி 1,000 அடி இறக்கியவருக்கும் புழுதி மட்டுமே பறக்கலாம். கிடைத்தாலும் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுபோக வேண்டி வந்தது.

அதே தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023இல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்காக அரசே விவசாயிகளிடம் கேழ்வரகு கொள்முதல் செய்தது. கேழ்வரகு மானாவாரியிலேயே விளையும், நெல்லைப் போல வயலில் தண்ணீர் தேங்கி நிற்கத் தேவையில்லை. தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும் அரசுகள் முதலில் இந்தக் கொள்முதலை விரிக்கட்டும். நெல்லுக்கு இருக்கும் அதே உறுதி சிறுதானியத்துக்கும் பயறுக்கும் கிடைக்கட்டும், தர்மபுரியிலும் பஞ்சாபின் லூதியானாவிலும்.