மரப்பாவைக்குக் கூந்தல்

பொம்மைக்குத் தலைமுடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், கும்பகோணம் பக்கம் அரிச்சந்திரா பொம்மலாட்டம் பார்த்திருக்க மாட்டார்கள். மயான காண்டத்தில் சந்திரமதி தலைவிரி கோலமாக வருவாள். மரத்தில் செதுக்கிய முகம், கண்ணீர் வராது. அங்கே அழ வேண்டியது கூந்தல்தான். அது துடைப்பக்குச்சி மாதிரி விறைத்து நின்றால் சபை சிரித்துவிடும்.

நம்ம ஊர் ஆட்டத்தில் கயிறும் கம்பியும் சேர்ந்து வேலை செய்கின்றன. கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அதை ஆட்டுபவர் கிரீடம் போல் தன் தலையில் வைத்துக்கொள்வார். கைகளை அசைப்பது கம்பி. சில பொம்மைகள் நாலரை அடி உயரம், 10 கிலோ எடை. ஆகவே முடி லேசாக இருக்கணும், கயிற்றில் சிக்கக் கூடாது, பக்கத்தில் விளக்கு இருந்தால் குப்பென்று பற்றவும் கூடாது.

கடைக்குப் போய் சவுரி கேட்டால், "எல்லாம் நைலான்தான் தம்பி" என்பார்கள். நம்பாதீர்கள். அதில் எது எது என்று தெரியாமல் சாயப்பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது வீண் வேலை. முதலில் நாலு இழையைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சாயம் பிடித்துக்கொள்ள அதில் இடமே கிடையாது. உருக்கும்போதே நிறமியைக் கலந்து இழுத்திருப்பார்கள். அதை விட்டுவிட வேண்டியதுதான். மூழ்கினால் ஒரு இழையை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டணும். கரும்புகை கக்கி உருகினால் பாலியெஸ்டர். படபடவென்று எரிந்து, நொறுங்கும் கறுப்பு உருண்டையை விட்டால் அக்ரிலிக். கடையில் விற்கும் உல்லன் நூல் பெரும்பாலும் இதுதான். அதிகப் புகையில்லாமல் உருகிச் சொட்டினால் நைலான். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியில் இழையை ஒட்டித் தீயில் காட்டும்போது பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. வகை. சுலபத்தில் பற்றாது, ஆனால் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஜன்னலோரம் நின்று செய்யுங்கள்.

பாலியெஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் சாயமும் 130 டிகிரி சூடும் வேண்டும். வீட்டு அடுப்பில் நடக்காது. சாதம் வடிக்கிற குக்கரில் முயற்சி பண்ணவே வேண்டாம். அக்ரிலிக்குக்குப் பேசிக் சாயம், கொதிநிலை.

நைலான் கிடைத்தால் அதிர்ஷ்டம். பட்டில் இருக்கிற அதே அமைடு பிணைப்பு நைலானிலும் இருக்கிறது. அதனால் திருபுவனத்தில் பட்டு நூலுக்குப் போடுகிற ஆசிட் சாயம் இதற்கும் பிடிக்கும்! 100 கிராம் முடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். 3 லிட்டர் தண்ணீர், 4 கிராம் கறுப்புச் சாயம். தனிக் கறுப்பு விளக்கொளியில் நீலம் பாரிக்கும், பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். அரை கிராம் பிரவுன் சேர்த்தால் மனுஷத் தலைமுடி மாதிரி இருக்கும். வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். தாளில் 4, 5 வரும்வரை பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் சில இடத்தில் கடினமானது, வினிகரை விழுங்கிவிடும். முடியைத் தளர்வாகக் கட்டிப் போட்டு, அரைமணி நேரத்தில் மெதுவாக 95 டிகிரிக்கு ஏற்றி, முக்கால் மணி நேரம் வைக்கணும். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பாத்திரத்தோடேயே ஆறவிடுங்கள். சூடாகத் தூக்கிப் பிழிந்தால் விழுந்த மடிப்பு போகாது.

அதே குணத்தை நம் வசதிக்கும் திருப்பலாம். கூந்தல் அலையலையாக வேண்டுமென்றால் ஈரத்தோடு தளர்வாகப் பின்னி, ஆவியில் காட்டி, ஆறிய பிறகு அவிழ்க்கணும். சந்திரமதிக்கு இதுதான் சரி.

முடியை மண்டையில் நேரே ஒட்டாதீர்கள். பருத்தித் துணியில் குல்லாய் தைத்து, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைத்து, குல்லாயை மட்டும் சிறு ஆணியில் மாட்டுங்கள். கயிறு வரும் இடத்தில் துணியில் ஓட்டை விட்டு ஓரம் தையுங்கள். முதல் காட்சியில் ராணியின் கொண்டை, மயானத்தில் விரிகூந்தல். குல்லாய் இரண்டு இருந்தால் திரை மறைவில் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.