கணினிக் காவல்

கண்காணித்தல் என்பது தமிழில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு சொல். பிறர் செய்யும் தொழிலை உடனிருந்து மேற்பார்ப்பவனைக் கண்காணி என்றனர். அச்சொல்லே பேச்சுவழக்கிற் கங்காணி எனத் திரிந்தது. இலங்கை, மலேயா முதலிய நாடுகளின் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் சென்ற காலத்து அவரோடு கடல் கடந்து ஆங்கிலத்திலும் புகுந்தது. இற்றை நாளில் அத்தொழில் கணினி அறையினுள்ளும் நடைபெறுகின்றது. ஆண்டு மேற்பார்ப்பவன் மனிதன் அல்லன்; ஒரு மென்பொருளே. அம்மென்பொருள் யாது செய்கின்றது, நிறுவனங்கள் அதனை எங்ஙனம் பயன்கொள்கின்றன, அது தவறும் இடம் எது என்பனவற்றை ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

வங்கியிற் பணம் எடுப்பாரும், புகைவண்டியில் இடம் பதிவாரும், மருத்துவமனையிற் குருதிச் சோதனையின் முடிவுக்குக் காத்திருப்பாரும் தாம் ஒருநாளும் காணாத கணினிகள் சிலவற்றை நம்பியே நிற்கின்றனர். கேட்டார்க்குக் கேட்டதை வழங்குதலின் அவற்றை வழங்கிகள் என்ப. ஆங்கிலத்தார் சர்வர் என்பர். அவ்வழங்கிகளும், தரவைச் சேமிக்கும் வட்டுகளும், செய்திக்கு வழிகாட்டும் ரௌட்டர்களும், மின்கலங்களும், குளிரூட்டிகளும் ஒருங்கு சேர்ந்ததே ஒரு நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பு. இவற்றுள் ஒன்று பழுதுறினும், வாயிலில் நிற்பார்க்குத் தெரிவது ‘இப்பொழுது இயலாது’ என்னும் ஒரு விடையே. நூற்றுக்கு 99.9 பங்கு காலம் தடையின்றி இயங்குவோம் என ஒரு நிறுவனம் வாக்களிப்பின், 30 நாள் கொண்ட திங்களில் அது நின்றுபோகத்தக்க காலம் 43 நிமிடத்திற்குச் சிறிது மிகுதி. 99.99 பங்கு எனின், 4 நிமிடத்திற்குச் சிறிது மிகுதி. வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் குறை கூறி முடிப்பதற்குள்ளேயே அக்காலம் கழிந்துவிடும். ஆகலின், அவர் அறியுமுன் தாம் அறிதல் நிறுவனத்தார்க்கு இன்றியமையாதது ஆயிற்று.

இக்காவலின் வரலாற்றில் மிக எளிய வினா ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்கராகிய மைக் மூஸ் என்பார் ‘பிங்’ என்னும் சிறு நிரலை எழுதினார். ஒரு கணினி மற்றொன்றை ‘உளையோ?’ என வினவும். மற்றது ‘உளேன்’ என விடை தரும். விடை வர எத்துணை நேரம் ஆயிற்று என்பதும் அளக்கப்படும். 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் பொதுநெறி வகுக்கப்பட்டது. அதனால் வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் தம் நிலையை ஒரே முறையில் உரைக்க வழி பிறந்தது. 1999-இல் ஈதன் கால்ஸ்டட் வெளியிட்ட மென்பொருள் பின்னர் நாகியோஸ் எனப் பெயர் பெற்றது. 2001-இல் லாத்வியா நாட்டிலிருந்து சாபிக்ஸ் வெளிவந்தது. 2012-இல் பெர்லின் நகரத்துச் சவுண்ட்கிளவுட் நிறுவனத்திற் புரொமீதியஸ் தொடங்கப்பெற்றது. நம் நாட்டிற்கும் இத்துறையில் பங்கு உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயராற் தோன்றி, 2009-இல் சோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தொடக்கத் தொழில் வலையமைப்பு மேலாண்மைக்குரிய மென்பொருள் ஆக்குதலே.

இனி, காணத்தக்கன எவை எனின், கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் 2016-இல் வெளியிட்ட நூலொன்றில் அவற்றை நான்காக வகுத்தனர். விடை தர ஆகும் நேரம், வந்து சேரும் வேண்டுகோள்களின் அளவு, அவற்றுள் தவறிப்போயினவற்றின் அளவு, கருவியின் கொள்ளளவில் நிறைந்துள்ள பங்கு என்பன அவை. மருத்துவர் நாடியையும் மூச்சையும் உடல் வெம்மையையும் முதற்கண் நோக்குமாறு போலப் பொறியாளர் இந்நான்கினையும் முதற்கண் நோக்குவர். மென்பொருளோ 15 நொடிக்கு ஒருமுறை என்றோ, நிமிடத்திற்கு ஒருமுறை என்றோ கருவிகளை வினவிப் பெற்ற எண்களைக் காலக்குறிப்போடு சேர்த்துவைக்கும். அவற்றை வரைபடமாகத் திரையிற் காட்டும். சென்ற ஆண்டின் எண்களைக் கொண்டு வரும் ஆண்டிற்கு எத்தனை வழங்கிகள் வேண்டும் எனக் கணக்கிடுதலும் இதனாற் பெறும் பயனாம்.

எண்ணைத் திரட்டுதல் எளிது. அதன் பொருளை உணர்தல் அரிது. 1000 கிகாபைட் கொள்ளும் வட்டு ஒன்றில் 800 நிறைந்துவிட்டது எனக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 20 வீதம் நிறையுமாயின் இன்னும் 10 நாள் உண்டு. நாளைக் காலையிற் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கு 100 வீதம் நிறையுமாயின் இரண்டே மணி நேரம் உண்டு; உறங்குபவரை இப்பொழுதே எழுப்பல் வேண்டும். நிறைந்த அளவு இரண்டிடத்தும் ஒன்றே, செயலோ வேறு. ஆகவே நல்ல கண்காணிப்பு அளவை மட்டும் நோக்காது, அது மாறும் விரைவையும் நோக்கும். ஒரு கணம் மிகுந்து மறுகணம் தணிவதற்கெல்லாம் மணி அடித்தலும் ஆகாது. ஐந்து நிமிடம் தொடர்ந்து நிற்பின் மட்டும் அடிக்க என விதித்துவைப்பர். மணி அடிப்பின் அச்செய்தி அற்றை நாட்குரிய முறைக்காவலரின் கைப்பேசிக்குச் செல்லும். குறித்த நேரத்திற்குள் அவர் ‘கண்டேன்’ என விடை தாராராயின் அடுத்தவர்க்குச் செல்லும்.

நிற்க. மேற்கூறியவற்றால் இக்காவல் காண்டல், உணர்த்தல், செயல் என்னும் மூன்று உறுப்பினது என்பது புலனாம். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனிலவாம். இதனை நடந்த நிகழ்ச்சிகள் சிலவற்றால் விளக்குவாம்.

முதலாவது, காண்பதே கண் மூடிய நிகழ்ச்சி. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்னும் மின்சார நிறுவனத்தின் எச்சரிக்கை நிரல் பிற்பகல் 2.14 மணிக்குப் பின் ஓசையின்றி நின்றது. நின்றது என்று உரைக்கும் மணி ஒன்றும் ஆண்டு இல்லை. பின்னர் உயர்மின் தடங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக மரங்களைத் தொட்டுச் செயலற்றன. திரையோ அமைதியாகவே இருந்தது. வெளியிலிருந்து சிலர் தொலைபேசியிற் குறை கூறியும், தம் மணி ஒலியாமையின் பெருந்தீங்கு இல்லை என்றே கட்டுப்பாட்டு அறையினர் கருதினர். கணினி காப்போர் நின்ற வழங்கிகளை மீண்டும் இயக்க முயன்றனராயினும், எச்சரிக்கையே இல்லை என்னும் செய்தி அவ்வறைக்கு உரிய காலத்திற் சென்று சேரவில்லை. மாலை 4.10 மணியளவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். மணியின் அமைதி இரட்டுறமொழிவது என்பதை இதனால் அறிகின்றோம். தீங்கு இன்மையும் அதற்குப் பொருள். மணியே மாண்டமையும் அதற்குப் பொருள்.

இரண்டாவது, கண்டது உரைத்தும் கேட்பார் இல்லாத நிகழ்ச்சி. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் புதிய நிரலைத் தன் எட்டு வழங்கிகளுள் ஏழில் மட்டும் இட்டிருந்தது. எட்டாவதிற் பழைய நிரலே நின்றது. சந்தை 9.30 மணிக்குத் திறக்குமுன் பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானே பணியாளர்க்கு அனுப்பியது. அவை எச்சரிக்கை என வகுக்கப்பட்டன அல்ல. அவற்றை உடனே படிக்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்து ஏறத்தாழ 45 நிமிடத்தில் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வணிகங்கள் பிழையாக நிகழ்ந்தன. 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது. ஆண்டு எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அஃது இன்னார்க்கு உரியது என்னும் வரையறையே இல்லை.

மூன்றாவது, உரைத்தது வழியிலேயே மடிந்த நிகழ்ச்சி. 2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் இரவு கிட்லேப் நிறுவனத்திற் பொறியாளர் ஒருவர் ஒரு கணினியில் நீக்கவேண்டிய தரவை மற்றொன்றில் நீக்கிவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படும் படியை நாடியபொழுது அஃது இல்லை. படியெடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒவ்வாமையால் அப்பணி முன்னரே தவறிவந்தது. தவறியது என்னும் மின்னஞ்சல்களோ, அனுப்புநர்க்குரிய சான்று இன்மையின், பெறும் இடத்தில் மறுக்கப்பட்டன. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரணம்பற்றி எடுத்திருந்த படி ஒன்று இருந்தமையால் ஏனைய தரவு பிழைத்தது. அந்நிறுவனத்தார் இவ்வனைத்தையும் ஒளியாது உலகறிய வெளியிட்டமை பாராட்டற்குரியது. பிறர் கற்றுக்கொள்ளுதற்கு அதுவே வாயில்.

நான்காவதாக ஒன்று கூறி அமைவாம். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பராமரிப்பிற் பிறந்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பான வலையமைப்பு அறுபட்டது. குறையை ஆராய்தற்குரிய உட்கருவிகளுட் பலவும் அவ்வலையமைப்பையே சார்ந்திருந்தமையின் அவையும் உடன் வீழ்ந்தன. சேவைகள் ஆறு மணி நேரத்திற்கு மேல் நின்றன. காவற்காரன் தான் காக்கும் வீட்டினுள்ளேயே பூட்டப்பட்டால் யாரை அழைப்பான்?

இந்நிகழ்ச்சிகளினின்று நிறுவனங்கள் கைக்கொள்ளும் நெறிகள் சில. காவல் மென்பொருள் தான் நலமாக உளேன் என்னும் செய்தியை இடையறாது வெளியே ஓரிடத்திற்கு அனுப்புமாறு அமைப்பர். அச்செய்தி வாராமையே எச்சரிக்கை ஆகும். காப்பதை, காக்கப்படுவதற்குப் புறத்தேயுள்ள வேறிடத்தில் வைப்பர். எடுத்துவைத்த படியை மீட்டுப் பார்த்தாலன்றி அதனைப் படி எனக் கொள்ளார். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் அதனைப் பெறுவார் யார், பெற்றவுடன் அவர் செய்யத்தக்கது யாது என எழுதிவைப்பர். அங்ஙனம் எழுத இயலாத எச்சரிக்கையை நீக்கிவிடுவர்.

இறுதியிற் கூறியதே தலையாயது என்பது எம் கருத்து. எச்சரிக்கைகள் பலவாதல் பெருங்காவல் எனப் பலர் எண்ணுகின்றனர். நள்ளிரவிற் பத்துமுறை வீணே எழுப்பப்பட்டவர் பதினோராவது முறை எழாராயின், அஃது அவர்தம் சோம்பல் அன்று. அவரை அங்ஙனம் எழுப்பினார் பிழையே. அப்பதினோராவது அழைப்பு ஒரு மருத்துவமனையின் வழங்கியைப் பற்றியதாக இருத்தலும் கூடும். மென்பொருள் ஓயாது நோக்க வல்லது. உறக்கமும் களைப்பும் அதற்கு இல்லை. ஆயினும் நோக்கியதன் பொருட்டு எழுந்து செல்வோர் மனிதரே. அவருடைய உறக்கத்தையும் கவனத்தையும் அருமையுடையனவாகப் போற்றும் நிறுவனமே தன்னை நம்பியிருப்பாரையும் காக்கவல்லது. ஆகவே, கண்காணிப்பை அமைப்பார் ‘எத்தனை பொருளைக் காண்கின்றோம்?’ என்று எண்ணி மகிழாது, ‘இம்மணி ஒலித்தால் எழுவார் யார், எழுந்து செய்வது யாது?’ என்று ஒவ்வொன்றையும் வினவி அமைப்பாராக.