தண்ணீருக்கும் வரவு செலவு எழுதுவோம்



போன மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "எங்க ஊர் மலையடிவாரத்துல தங்கும் விடுதி கட்டினாங்க. வேலை கிடைக்கும்னு சந்தோஷப்பட்டோம். இப்போ எங்க கிணத்துல தண்ணி கீழே போயிடுச்சு, ஓடையில சாக்கடை கலக்குது. ஊருக்கு விடுதி வர்றது நல்லதா, கெட்டதா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. விடுதியை எப்படித் திட்டமிட்டுக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

பெர்மாகல்ச்சர் என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவில் 1970-களில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. 1978-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். நிலைத்த வேளாண்மை என்று சொல்லலாம். மண்ணைக் காக்கணும், மனிதர்களைக் காக்கணும், மிஞ்சியதைப் பகிர்ந்து கொள்ளணும் என்பவை இதன் மூன்று அடிப்படைகள். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாக வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை நம்ம பாட்டிமார் வாழைக்கு விட்டாங்களே, அதுவும் இதுதான். கட்டடம் கட்டும் முன்பே இதற்குக் கணக்குப் போட்டு இடம் ஒதுக்குவதுதான் இந்த முறையின் சிறப்பு. பண்ணைக்கு மட்டுமல்ல, விடுதிக்கும் இது பொருந்தும்.

சும்பே தீவு சொல்லும் பாடம்

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் சான்சிபார் அருகே சும்பே என்ற சின்னத் தீவு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் 400-க்கும் மேற்பட்ட மீன் வகைகள் வாழ்கின்றன. 1994-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அங்கே ஏழு குடில்கள் கொண்ட சிறு விடுதி நடக்கிறது. பெயர் எதுவானாலும், அங்கு நடப்பது நாம் மேலே பார்த்த முறைதான்.

தண்ணீர்: தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. அதனால் ஒவ்வொரு குடிலின் கூரையும் மழையைப் பிடிக்கிறது. தண்ணீர் வடிகட்டப்பட்டுத் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்கிறது. பெய்த மழைதான் வரவு. அதற்குள்தான் செலவு.

குளித்த தண்ணீர்: மணல், ஜல்லி வழியாகச் செடிப் பாத்திக்குப் போகிறது. கடலுக்கு விடுவதில்லை. கழிவுநீரில் உள்ள சத்து கடலில் கலந்தால் பாசி பெருகும். பாசி மூடினால் பவளம் சாகும், மீனும் போய்விடும்.

கழிப்பறை: தண்ணீர் ஊற்றுவதில்லை. கழிவோடு இலைதழை சேர்த்து மட்கவிடுகிறார்கள். நம்ம திருச்சி மாவட்டம் முசிறியிலும் 2000-களில் கழிவை உரமாக்கும் கழிப்பறைகள் கட்டினார்கள்.

வெளிச்சம்: சூரிய ஒளியில் இருந்து மின்சாரம்.

வேலை: முன்பு மீன் பிடித்தவர்களே பயிற்சி பெற்றுக் காவலர்கள் ஆனார்கள். "இங்கே மீன் குஞ்சு பொரித்தால்தான் வெளியே நம்ம வலைக்கு வரும்" என்று மற்ற மீனவர்களுக்குப் புரிய வைத்தார்கள். விருந்தினர் தரும் பணத்தில் பாறையும் காடும் காக்கப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து கற்றுத் தருகிறார்கள்.

அங்கே தங்க வாடகை அதிகம். எல்லா ஊரிலும் அப்படியே செய்ய முடியாது. ஆனால் கணக்குப் பார்க்கும் வழியை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் என்ன செய்யலாம்?

குழுப் பணத்துக்கு வரவு செலவு எழுதுகிறோம். பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்கிறோம். தண்ணீருக்கும் அப்படிக் கேட்டால் என்ன?

அந்தச் சகோதரியின் ஊரில் விடுதி கட்டி முடிந்துவிட்டது. தரைக்கு அடியில் தொட்டி கட்டுவது இனிச் சிரமம்தான். ஆனால் கழிவுநீருக்குப் பாத்தி இப்போதும் போடலாம். கூரை மழைநீரைச் சேமிக்கலாம். அந்த ஊர்க் குழுக்கள் சேர்ந்து கிராம சபையில் இதைக் கேட்க முடிவு செய்திருக்கிறார்கள்.

உணவகம், கேண்டீன் நடத்தும் குழுக்கள் நம்ம இடத்திலேயே தொடங்கலாம். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் பருக்கையும் தங்கிவிட முதலில் ஒரு சிறு தொட்டி. அடுத்து ஜல்லி, மணல் போட்ட பாத்தி. அதில் கல்வாழை, சேம்பு, வாழை நடலாம். தொட்டியை அடிக்கடி சுத்தம் செய்யணும், இல்லாவிட்டால் அடைத்து நாற்றம் வரும். இந்த வேலையைச் சுழற்சி முறையில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் தலையில் மட்டும் கட்டாதீங்க.

குழுவில் பேசுங்கள்

ஊருக்குப் புதிதாக விடுதி வருகிறது என்றால், கட்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்:

1. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எங்கிருந்து எடுப்பார்கள்?
2. கழிவுநீரும் குப்பையும் எங்கே போகும்?
3. காய்கறி, பால், முட்டையை நம்ம ஊரில் வாங்குவார்களா?
4. நம்ம பெண்களுக்குப் பெருக்கும் வேலை மட்டும்தானா, பயிற்சியும் பொறுப்பான வேலையும் உண்டா?
5. வருமானத்தில் காட்டுக்கும் ஓடைக்கும் என்ன செய்வார்கள்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.