நாடகக் குழுவுக்குச் சொந்தமாக ஓர் ஒலி, ஒளி அமைப்பு

ஒரு முறை எங்கள் குழு, காணிப் பத்திரங்கள் பற்றிய நாடகம் ஒன்றை மின்சாரம் எட்டாத குடியிருப்பு ஒன்றில் நடத்தியது. ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் போதவில்லை. நாடகம் பாதியில் நிற்க, நடிகர்கள் கத்திப் பேசி ஒருவாறு முடித்தார்கள். அடுத்த நாள் காலை, பின்வரிசையில் இருந்த தாய் ஒருவர் எங்களிடம் வந்தார். "தம்பியவை, பத்திரம் துலைஞ்ச ஆக்கள் எங்க போகவேணும் எண்டு சொன்னனீங்கள்? எனக்குக் கேக்கேல்லை" என்றார்.

எந்தச் செய்திக்காகப் போனோமோ, அது தேவைப்பட்டவரின் காதில் விழவில்லை. அன்றுதான் சொந்தமாக ஓர் ஒலி அமைப்பு வேண்டும் என்று தீர்மானித்தோம். நாம் கற்றதை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

இது எமக்குப் புதிய விடயம் அல்ல. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அப்போது சைக்கிள் தைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நம்மவர்களே.

1. முதலில் தேவையைக் குறையுங்கள்

பெரிய செற் வாங்கவேண்டும் என்ற எண்ணமே முதல் தவறு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால், அதே சத்தம் கேட்க நான்கு மடங்கு வலு வேண்டும். ஆகவே வலுவைக் கூட்டுவதிலும் பார்க்க ஸ்பீக்கரைச் சனத்துக்குக் கிட்டக் கொண்டுபோவது இலாபம். நமது வட்டக்களரிக் கூத்து இதை முன்பே அறிந்திருந்தது. சனம் களரியைச் சுற்றி இருந்ததால், பாடுபவரின் குரல் நெடுந்தூரம் போகவேண்டி இருக்கவில்லை.

2. கணக்குப் பாருங்கள்

வயலுக்கு எத்தனை மூடை விதை நெல் வேண்டும் என்று விதைக்கும் முன் கணக்குப் பார்க்கிறோம். இங்கும் அப்படியே. ஒவ்வொரு கருவியும் எடுக்கும் வாற்ஸை அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்குங்கள். மூன்று மணித்தியால நாடகம் ஒன்றுக்கான எமது கணக்கு இது:

அம்பிளிபயர் சராசரி 30 வாற்ஸ், 3 மணி: 90
சிறிய மிக்சர் 5 வாற்ஸ், 3 மணி: 15
10 வாற்ஸ் எல்.இ.டி. லைற் நான்கு, 3 மணி: 120
சிறிய புரொஜெக்டர் 60 வாற்ஸ், 1 மணி: 60
மொத்தம்: 285

வயரிலும் கருவிகளிலும் வீணாவதற்கு ஐந்திலொரு பங்கு, அதாவது 57 சேர்த்தால் 342 வாற்ஸ் மணி. இதை 12 வோல்ற்றால் பிரித்தால் 28.5 ஆம்பியர் மணி.

3. பற்றரி

ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. எனவே 28.5 இன் இரு மடங்கு, குறைந்தது 60 ஆம்பியர் மணிப் பற்றரி வேண்டும். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியை ஐந்தில் நாலு பங்கு வரை இறக்கலாம். அதில் 40 போதும். விலை கூட என்றாலும் பாரம் குறைவு, ஆயுள் அதிகம். அதற்கென உள்ள சார்ஜரையே பாவிக்கவேண்டும்.

உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுபோகாதீர்கள். அது இயந்திரத்தை ஸ்ராட் பண்ண மட்டும் செய்யப்பட்டது. மெதுவாக முழுதும் இறக்கினால் விரைவில் பழுதாகும். உழவு நாளில் இயந்திரம் கிளம்பாமல் நிற்கும். "ஆழ இறங்கும்" வகைப் பற்றரியைக் கேட்டு வாங்குங்கள்.

மல்ரிமீற்றர் ஒன்று கட்டாயம். ஓய்வாக இருக்கும் ஈய அமிலப் பற்றரி 12.7 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. நாடகம் முடிந்த மறுநாளே சார்ஜ் பண்ணுங்கள். சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வெளிவரும். மூடிய கொட்டிலில் வைக்க வேண்டாம். விளக்கு, பீடி கிட்டவும் வேண்டாம்.

பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். அங்கிருந்து வரும் வயர் தடிப்பாகவும் கட்டையாகவும் இருக்கட்டும். பியூஸ் எரிந்தால் கம்பி சுற்றிச் சமாளிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

4. வெயில்

100 வாற்ஸ் சோலர் தகடு ஒன்றுக்கு நல்ல வெயில் நாளில் நான்கு மணித்தியால முழு வெயில் என்று கணக்கெடுத்தால் 400 வாற்ஸ் மணி. வீணாவது போக ஏறத்தாழ 300 மிஞ்சும். ஆகவே ஒரு நாடகத்துக்குச் செலவானதை மீட்க ஒரு முழுப் பகலும் மறுநாட் காலையும் வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாடகம் வையுங்கள். மாரி மழைக் காலத்தில் இந்தக் கணக்கு உதவாது. மின்சாரம் உள்ள இடத்தில் முன்கூட்டியே சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கள். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கொன்ட்ரோலர் இருக்கவேண்டும்.

5. ஸ்பீக்கரும் மைக்கும்

ஸ்பீக்கரைத் தலைகளுக்கு மேலாக உயர்த்துங்கள். நிலத்தில் வைத்தால் முன்வரிசை ஆட்களே சத்தத்தை மறைத்துவிடுவார்கள். மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் இருக்கட்டும். முன்னே வந்தால் கூவும். வட்டக்களரியில் ஸ்பீக்கரைச் சனத்தின் நடுவே நட்டு, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். முன்னால் இருப்பவருக்கு வெறுங்குரலே கேட்கும்; பின்னால் இருப்பவருக்கு ஸ்பீக்கர் உதவும். மத்தளத்துக்கு மைக் வைக்க வேண்டாம். அதன் சத்தம் வசனத்தை மூடிவிடும்.

நாடகம் தொடங்குமுன் ஒருவர் கடைசி வரிசைக்குப் போய் நின்று, எல்லாச் சொல்லும் விளங்குகிறதா என்று கேட்டுச் சொல்லவேண்டும். இதை நாம் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

6. படம்

12 வோல்ற்றில் நேரே ஓடும் புரொஜெக்டரைத் தேடுங்கள். இன்வேர்ட்டர் வழியாக ஓட்டினால் ஒரு பங்கு மின் வீணாகும். சிறிய கருவியின் ஒளி மங்கல். நன்றாக இருட்டிய பின், லைற்றுகளை அணைத்து, வெள்ளைச் சீலையில் சிறிதாகக் காட்டுங்கள். நாடகத்தைத் தொலைபேசியில் பதியும்போது அதை அசையாமல் தடியில் கட்டி, பற்றரிக்கு அருகே அல்ல, சனத்தின் நடுவே வையுங்கள். பதிவைக் குழு போகமுடியாத இடங்களுக்கு அனுப்பலாம்.

7. பொறுப்பு

கருவி எல்லோருக்கும் சொந்தம் என்றால், பார்ப்பார் இல்லாமல் பழுதாகும். இருவரைப் பொறுப்பாக வையுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எல்லா வயர்களுக்கும் நிற ரேப் ஒட்டி, ஒரே பெட்டியில் அடுக்குங்கள். மேலதிக பியூஸ், வயர், ஒரு மைக் எப்போதும் கூட வரட்டும். ஒவ்வொரு நாடகத்தின் பின்னும் சிறு தொகையைப் பற்றரி நிதியில் போடுங்கள். பற்றரி ஒரு நாள் முடியும் என்பது நிச்சயம். பணம் சேர்த்திருந்தால் குழு முடியாது.

குழுவாகக் கலந்துரையாட:

- கடைசியாக வைத்த நாடகத்தில் பின்வரிசைக்கு எது கேட்கவில்லை? யாரிடம் கேட்டு அறிந்தோம்?
- எமது கருவிகள் எத்தனை வாற்ஸ் மணி எடுக்கின்றன? எதை விடலாம்?
- எமது கிராமத்தில் பற்றரி, வயர் வேலை தெரிந்தவர் யார்? அவரிடம் பழகப்போகும் இளையவர் யார்?