கடிதம் யாருடையது?

1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மக்கள் பலர் நமது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். இலங்கையில் விட்டுவந்த உறவினருக்கு, எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்ல, பள்ளி செல்லும் பேத்தி கடிதம் எழுதுவாள். முடிவில், "எழுதும் நானும் நலம் விசாரிக்கிறேன்" என்று ஒரு வரி சேர்ப்பாள். அக்கடிதம் யாருடையது? பாட்டியுடையதுதான், ஆயினும் பேத்தியின் கையும் அதில் உண்டு.

திருமறையிலும் இதே காட்சியைக் காண்கிறோம். புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தில், தெர்த்தியு என்பவர் அதை எழுதியவர் தாமே என்று சொல்லி வாழ்த்துக் கூறுகிறார். கலாத்தியர் திருமுகத்தின் இறுதியிலோ, பெரிய எழுத்துகளில் தம் கைப்படவே எழுதுவதாகச் சின்னப்பர் குறிப்பிடுகிறார்.

சின்னப்பரின் பெயர் தாங்கிய திருமுகங்கள் 13. உரோமையர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கர், பிலமோன் ஆகிய 7-ம் அவருடையவையே என்று அறிஞர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர். மற்ற 6-இல் சொல்லும் நடையும் வேறுபடுவதால், அவற்றுள் சிலவற்றைச் சீடர்கள் அவர் பெயரால் எழுதியிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். எபிரேயர் திருமுகத்தில் எழுதியவர் பெயரே இல்லை. அவர் யாரென்று கடவுளே அறிவார் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் கூறினார்.

அப்படியானால் நம் விசுவாசம் ஆட்டங்காணுமா? கேள்வி எளிதன்று. சின்னப்பர் பெயரால் வரும் பொய்க் கடிதங்களை நம்பவேண்டாமென்று 2 தெசலோனிக்கர் திருமுகமே எச்சரிக்கிறது. ஆகவே ஆதித் திருச்சபை பெயரை மட்டும் பார்க்கவில்லை. அப்போஸ்தலர் போதித்த விசுவாசம் அதில் உள்ளதா, சபைகள் அதை வழிபாட்டில் வாசித்து வந்தனவா என்றும் பார்த்தது. பெயரில்லாத எபிரேயர் திருமுகமும் அவ்வாறே திருமறையில் இடம்பெற்றது. வேத நூலாசிரியர்களின் காலத்து எழுத்து முறைகளை ஆராயுமாறு 1943-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதரே சுற்றுமடல் வழியாக ஊக்குவித்தார்.

சங்கப் பாடல் பாடிய ஒளவையார் வேறு, ஆத்திசூடி தந்த ஒளவையார் வேறு என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். அதனால் ஆத்திசூடியை நாம் ஒதுக்கிவிடுவதில்லையே!

ஆகவே, மாணவிகளே, கேள்வி கேட்க அஞ்ச வேண்டாம். உண்மையைத் தேடுவது விசுவாசத்துக்குப் பகையன்று. அடுத்த ஞாயிறு திருப்பலியில் திருமுகம் வாசிக்கப்படும்போது, அதைச் சொன்னவரோடு, எழுதிய கையையும் நன்றியுடன் நினைப்போமாக.