வாட்ச் சும்மா இருந்தால் பிரஷர் இல்லை என்று அர்த்தமா?

கொழும்பிலோ டுபாயிலோ வேலை செய்யும் பிள்ளைகள் லீவுக்கு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும்போது அப்பாவுக்கு இப்போது வாங்கி வருவது ஸ்மார்ட் வாட்ச். "இதில் பிரஷரும் பார்க்கலாம்" என்று சொல்லிக் கையில் கட்டிவிடுகிறார்கள். பரிசில் தவறில்லை. அதை நம்பி அப்பா கிளினிக் கொப்பியை மூடி வைப்பதுதான் சிக்கல். அந்த வாட்சைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வாட்ச் பிரஷரை அளக்கிறது.

பெரும்பாலானவை அளப்பதில்லை. இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டுமென்றால் நாளத்தை வெளியிலிருந்து அமுக்கி, எந்த அமுக்கத்தில் இரத்தம் நின்று மறுபடி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் கைப்பட்டியைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யரான கொரொட்கோவ் அந்தப் பட்டிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து நாளத்தின் ஓசையைக் கேட்டார். இன்றும் அடிப்படை அதுதான்.

வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. அந்த அலையின் வடிவத்திலிருந்து நாளம் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று ஊகிக்கிறது. சாம்சங் வாட்ச் பிரஷர் எண்ணைக் காட்டும். ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டி மெஷினில் அளந்து அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓம்ரான் வாட்ச் விதிவிலக்கு: அதன் வாரே காற்றடைத்து மணிக்கட்டை அமுக்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெயர் தெரியாத வாட்சுகள் காட்டும் 120/80ஐ நான் ஒரு எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. அனுமதி பெறாத இத்தகைய கருவிகளைப் பிரஷர் பார்க்கப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 செப்டம்பரில் எச்சரித்தது.

நம்பிக்கை: வாட்ச் எச்சரிக்கவில்லை, ஆகவே பிரஷர் இல்லை.

ஆபத்தானது இதுதான். ஆப்பிள் வாட்சில் உயர் இரத்த அழுத்த எச்சரிக்கை வசதி வந்ததும் அதே 2025 செப்டம்பரில்தான். அதே நிர்வாகத்தின் அனுமதியோடுதான் வந்தது. அது எண் எதுவும் காட்டாது. 30 நாள் தரவைச் சேர்த்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மட்டும் ஒரு செய்தி அனுப்பும். 2,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்ததில், பிரஷர் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 41 பேரைத்தான் பிடித்தது. மீதி 59 பேருக்கு வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டால் அந்த 59 பேரின் கதி என்ன?

அதைத் தயாரித்தவர்கள் இதை மறைக்கவில்லை. எல்லோரையும் கண்டுபிடிக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். 22 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே பிரஷர் இருப்பதாகத் தெரிந்தவர்கள் ஆகியோருக்கு அது உரியதல்ல என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மாத்திரை போடும் அப்பா, "வாட்ச் சும்மாதானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்த அதில் இடமே இல்லை.

நம் பக்கத்துச் சங்கடமும் ஒன்று உண்டு. ஒளியால் நாடி பார்க்கும் எந்தக் கருவிக்கும் குளிர்ந்த தோலும் ஓயாமல் அசையும் கையும் ஆகாது. நக்கிள்ஸ் மலைக் காற்றில் விடிகாலையில் கை விறைத்துப் போகும். மலையில் கொழுந்து எடுக்கும் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

நம்பிக்கை: எச்சரிக்கை வந்தால் பிரஷர் நிச்சயம்.

பிரஷர் இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கும் ஆப்பிள் வாட்ச் தவறாகச் செய்தி அனுப்புகிறது. இளைஞர்கள் 100 பேரில் 14 பேருக்குத் தெரியாத பிரஷர் இருப்பதாக வைத்துக்கொண்டால், உண்மையான எச்சரிக்கை 6, பொய்யானது 7. பாதிக்குப் பாதி. அறுபதைத் தாண்டியவர்கள் 100 பேரில் 45 பேருக்கு இருப்பதாக வைத்தால் உண்மை 18, பொய் 4. ஆகவே வயதானவருக்கு வரும் எச்சரிக்கைக்குக் கனம் அதிகம். எந்த வயதானாலும் அடுத்த வேலை கைப்பட்டியில் அளப்பதுதான். பக்கத்து லயத்து அக்காவின் மாத்திரையில் பாதியை வாங்கிப் போடுவதல்ல.

இந்த இடத்தில் வாட்சுக்குரிய மரியாதையையும் கொடுக்க வேண்டும். கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டிலும் வேலைத்தலத்திலும் ஏறும் பிரஷர் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போனால் அது சிக்காது. மாதம் முழுக்கக் கையிலேயே கிடக்கும் கருவி அப்படிச் சிலரை எழுப்பிவிடலாம்.

நம்பிக்கை: பிரஷர் என்றால் தலை சுற்றும், மலை ஏறி இறங்கும் உடம்புக்கு அது வராது.

இரண்டும் பிழை. பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிரஷர் உள்ள பெரியவர்களில் 44 சதவீதத்தினருக்கு அது இருப்பதே தெரியாது. உடலுழைப்பு உதவும்; ஆனால் கருவாட்டு உப்பும் ஊறுகாயும் சாராயமும் பரம்பரையும் சேர்ந்தால் உழைப்பு மட்டும் போதாது. சுகாதார அமைச்சின் 2021 ஸ்டெப்ஸ் ஆய்வில் இலங்கைப் பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம்.

நம்பிக்கை: வாட்ச் வாங்க வசதியில்லாத தோட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வழி இருக்கிறது என்று இலங்கைக் கிராமங்களே நிரூபித்திருக்கின்றன. கோப்ரா என்ற ஆய்வு இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்தது. முடிவுகள் 2020இல் வெளியாயின. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பிரஷர் அளந்தார்கள், புத்தி சொன்னார்கள், ஏறியிருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் மேல் அளவு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 5.2 புள்ளி அதிகமாக இறங்கியது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு முழுக்க இலங்கை வைத்தியசாலைகளில் நடந்தது: மூன்று மருந்தைச் சிறு அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்ததில், ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது, வழக்கமான முறையில் 55 சதவீதம். இரண்டிலும் வாட்சுக்கு வேலையே இருக்கவில்லை.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில், அந்த ஆப்பிள் வாட்சுக்கு மாதக்கணக்கில், அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழாமல், முழுப்பேர் போட வேண்டியிருந்தது. ஆனால் அரச வைத்தியசாலைகளோடு உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதுதான் நம்மவர்களைத் தடுக்கிறது. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் மனம் வைத்தால் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே மாதம் ஒருமுறை கைப்பட்டி மெஷினோடு ஒருவரை உட்காரவைக்கலாம். பெரிய செலவில்லை.

பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு: மேற்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் அந்த வாட்சைவிட மிகவும் மலிவு. பட்டி அப்பாவின் கைக்குப் போதுமானதா என்று பார்த்து வாங்குங்கள். சிறிய பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும். தேத்தண்ணி, பீடி முடித்து அரை மணி நேரம் போகட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் நிலத்தில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். வீட்டில் 135/85ஐத் தாண்டினால் அந்தக் கொப்பியோடு அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாட்சையும் கட்டிக்கொள்ளட்டும், மணி பார்க்க.